அசையை எண்ணி அடி என்கிறார்கள்

இலக்கியம் பேசுகிறவர்களுக்குக் கைக்கடிகாரத்தோடு என்ன வழக்கு என்று கேட்பவர்கள் கேட்கட்டும். வழக்கு ஒரு சொல்லைப் பற்றியது என்பதால்தான் நாங்கள் உள்ளே வருகிறோம். ஒரு பொருளுக்கு வேறொரு பொருளின் பெயரைச் சூட்டி விற்றால் அதைத் தட்டிக்கேட்பது நுகர்வோர் மன்றத்தின் வேலை மட்டுமல்ல. சொற்களோடு புழங்குகிறவர்களின் வேலையும்தான்.

மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் ஃபிட்னஸ் பேண்டுகளும் ஸ்மார்ட் வாட்சுகளும் அன்றாடம் ஓர் எண்ணைக் காட்டி, 'இன்று நீ நடந்த அடிகள் இவ்வளவு' என்கின்றன. அந்த எண் அடிகளின் எண்ணிக்கை அன்று. கை அசைந்ததை வைத்துக் கால் என்ன செய்திருக்கும் என்று ஊகித்துச் சொல்லப்படும் உத்தேசம் அது. யாப்பிலக்கணத்தை நுனிப்புல் மேய்ந்தவர்களுக்குக்கூட அசை வேறு, அடி வேறு என்று தெரியும். அசை கூடிச் சீராகி, சீர் தளையால் கட்டுண்டு அடியாக வேண்டும். அசையை எண்ணிவிட்டு 'இதோ அடி' என்று நீட்டும் மாணவனை அந்தக் காலத் தமிழாசிரியர்கள் பெஞ்சின்மேல் ஏற்றியிருப்பார்கள். நாமோ ஆயிரக்கணக்கில் ரூபாய் கொடுத்து அவனைக் கையில் கட்டிக்கொண்டு திரிகிறோம்.

இதை வெறும் சொல்விளையாட்டு என்று தள்ளிவிட முடியாதபடி எங்களுக்கு ஓர் அனுபவம் நேர்ந்தது.

எங்கள் கூட்டத்தில் மூத்தவர் ஒருவர் உண்டு. நாற்பதாண்டுக் காலம் அச்சகங்களில் மெய்ப்புத் திருத்தியவர். ஒற்றுப்பிழையைக் கண்டால் சோறு இறங்காத ரகம். ஐயா என்றே அவரை அழைப்போம். எழுபத்து நான்கு வயதில் அவருக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. காலையும் மாலையும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்க வேண்டும் என்பது மருத்துவரின் கட்டளை. குடியிருப்பின் நீண்ட நடைகூடத்தில் அவர் நடந்தார். வெளிநாட்டிலிருக்கும் மகன் அப்பாவின்மேல் உள்ள பாசத்தால் கைப்பட்டை ஒன்று வாங்கி அனுப்பினான். அது காட்டும் எண் அங்கே அவனுடைய கைப்பேசியிலும் தெரியும். அங்கிருந்துதான் தொல்லை தொடங்கியது.

"நேத்தும் நூத்திச் சொச்சம்தான்பா காட்டுது. டாக்டர் சொன்னதை ஏன் கேக்க மாட்டேங்கறீங்க? படுத்தே கெடந்தா முட்டி இறுகிடும்."

"நடந்தேன்டா. ரெண்டு வேளையும் நடந்தேன்."

"வாட்ச்சுல இல்லையேப்பா."

வாழ்நாள் முழுவதும் அடுத்தவரின் பிழையைத் திருத்தியவர் தாம் பொய் சொல்லவில்லை என்று மகனிடம் நிறுவ வேண்டிய நிலைக்கு வந்தார். ஒரு வாரம் கழித்து ஒரு காலையில் அம்மா (அவருடைய துணைவியாரை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) நடைகூடத்துக்கு வந்து பார்த்தால், ஐயா இடக்கையால் மட்டும் வாக்கரைப் பிடித்துக்கொண்டு, பட்டை கட்டிய வலக்கையை முன்னும் பின்னும் வீசிக்கொண்டிருக்கிறார். உடம்பு ஒருபக்கம் சாய்கிறது.

"ஏங்க, என்ன பண்றீங்க? விழுந்து வைக்கப் போறீங்க!"

"கணக்கு ஏறணுமில்ல" என்றாராம்.

விழவில்லை, தப்பித்தார். ஆனால் அந்த முழங்கால் மறுபடி முறிந்திருந்தால் அதற்கு யார் பொறுப்பு என்ற கேள்வி எங்களை விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை மூவர் அவர் வீட்டுக்குப் போனோம். நடைகூடத்தை அவர் இருபது முறை கடந்தார். நாங்கள் மூவரும் தனித்தனியே எண்ணினோம். மூவருக்கும் அறுநூற்று நாற்பதை ஒட்டி வந்தது. எங்களுக்குள் இருந்த வேறுபாடு ஐந்தாறு அடிதான். பட்டையில் ஏறியிருந்தது எழுபத்தொன்று. அதே பட்டையை அம்மா கையில் கட்டிக்கொண்டு துருவுமனையில் உட்கார்ந்து ஒரு தேங்காய் மூடியைத் துருவினார். உட்கார்ந்த இடத்திலேயே இருநூற்றுக்கு மேல் 'நடந்து' விட்டார்.

கருவியில் பழுது இருக்கும் என்று முதலில் நினைத்தோம். பழுதே இல்லை என்பதுதான் விஷயம். அது எப்படிச் செய்யப்பட்டதோ அப்படியே நடந்துகொண்டது.

இந்தப் பட்டைகளுக்குள் இருப்பது முடுக்கமானி. நுண்ணிய சிலிக்கான் விற்களில் தொங்கும் ஒரு துளி எடை. கை அசையும்போது அது எந்தத் திசையில் எவ்வளவு இடம்பெயர்கிறது என்பதை மின்தேக்கத்தின் மாற்றமாக உணர்ந்து, நொடிக்குப் பல பத்து முறை எண்களாக அனுப்பிக்கொண்டே இருக்கும். அந்த எண்களைக் கோடாக வரைந்தால் மலைத்தொடர்போல மேடும் பள்ளமுமாக வரும். மென்பொருள் அதில் சிகரங்களைத் தேடுகிறது. குறிப்பிட்ட உயரத்தைத் தாண்டியதா, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி நடையின் தாளத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்கிறது. பொருந்தினால் 'அடி'. தலை சொறிவதையெல்லாம் அடியென்று எண்ணிவிடாமல் இருக்க இன்னொரு காவலையும் பல கருவிகளில் வைத்திருக்கிறார்கள்: தொடர்ந்து சில சிகரங்கள் வந்தால்தான் கணக்கைத் தொடங்கும்.

இதிலே 'கால்' எங்கே வருகிறது? வரவே இல்லை. கைவீச்சும் காலடியும் சேர்ந்தே நிகழும் என்ற அனுமானம் ஒன்றே இடையில் பாலம். கையை வீசி, ஓரளவு விறைப்பாக, தடையில்லாத பாதையில் நடக்கிற ஆரோக்கியமான ஒருவருக்கு அந்தப் பாலம் தாங்கும். அவருக்கு இன்றைய நல்ல கருவிகள் ஓரளவு சரியாகவே எண்ணுகின்றன. அதை மறுப்பது எங்கள் நோக்கமன்று. ஆனால் பாலத்துக்கு வெளியே நிற்கிறவர்களைப் பாருங்கள். வாக்கரையோ தடியையோ பிடித்திருக்கும் முதியவர். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளும் தாய். தலையில் சும்மாட்டின்மேல் சுமையை ஏற்றி ஒரு கையை உயர்த்திப் பிடித்தபடி நடக்கும் கட்டடத் தொழிலாளி. இடுப்பில் குடத்தோடு வருகிறவள். காய்கறி வண்டி தள்ளுகிறவர். கைப்பிடிச் சுவரைப் பற்றிப் படியேறும் இதய நோயாளி. பக்கவாதத்தில் ஒரு கை விளங்காமல் போனவர். இவர்கள் அனைவரும் நடக்கிறார்கள். கருவியின் பேரேட்டில் பெரும்பாலும் நிற்கிறார்கள். அடுக்களைக்குள் நாலடி வைத்து அடுப்புக்கும், மூன்றடி வைத்துத் தொட்டிக்கும் போய்வரும் பெண்ணின் நடை, அந்தத் 'தொடர்ந்து சில சிகரங்கள்' என்ற காவலில் பாதி வடிகட்டப்பட்டுவிடும். அவள் தேங்காய் துருவுவது மட்டும் நடையாகிவிடும். இதற்குப் பெயர் அளவையா, கேலிக்கூத்தா?

தராசு எல்லாருக்கும் ஒரே அளவு தவறாக நிறுத்தால் அது பிழை. சிலருக்குச் சரியாக நிறுத்துச் சிலருக்கு மட்டும் குறைத்து நிறுத்தால் அதற்கு வேறு பெயர். மணிக்கட்டுக் கருவியின் தவறு இரண்டாவது வகையைச் சேர்ந்தது. மெதுவாக நடப்பவர், சுமப்பவர், பற்றுக்கோடு தேவைப்படுபவர் ஆகியோர் பக்கமே அது திரும்பத் திரும்பச் சாய்கிறது. யாருக்கு ஒவ்வோர் அடியும் கணக்காக வேண்டுமோ அவர்களுடைய அடிகளைத்தான் இது தின்கிறது. பூங்காவில் கைவீசி விரைந்து நடக்கிறவருக்கு இந்தக் கருவியால் ஆகப்போவது பெரிதாக ஒன்றுமில்லை. அவர் எப்படியும் நடப்பார்.

நாங்கள் கண்டுபிடித்த புதுமை அல்ல இது. 2015இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஜாமா மருத்துவ இதழில் ஒரு சிறு ஆய்வை வெளியிட்டார்கள். ஆரோக்கியமான 14 பேரை டிரெட்மில்லில் மணிக்கு 3 மைல் வேகத்தில் நடக்கவிட்டு, ஒருமுறை 500 அடி, ஒருமுறை 1500 அடி என்று கண்ணால் எண்ணி, கருவிகளின் கணக்கோடு ஒப்பிட்டார்கள். இடுப்பில் அணிந்த அடிமானிகளும் முடுக்கமானிகளும் ஏறத்தாழ ஒரு சதவீதத்துக்குள் நின்றன. கால்சட்டைப் பையிலிருந்த கைப்பேசிகள் கூட்டியோ குறைத்தோ ஏழு சதவீதத்துக்குள். மணிக்கட்டில் கட்டிய நைக்கி ஃபியூவல்பேண்ட் மட்டும் 22.7 சதவீதம் குறைத்துக் காட்டியது. வாக்கர் இல்லை, சுமை இல்லை, முழங்கால் வலி இல்லை. மேடுபள்ளமில்லாத ஓடுபட்டை, சீரான வேகம். அங்கேயே ஐந்தில் ஓர் அடிக்கு மேல் காணாமற்போயிற்று. அந்தப் பட்டை இன்று சந்தையில் இல்லை, பின்வந்தவை தேறியிருக்கின்றன என்பதும் உண்மை. ஆனால் தேறியது யாருடைய நடையில் என்பதே கேள்வி. வேகம் குறையக் குறைய இவற்றின் கணக்கு குலைகிறது என்பதைப் பிறகு வந்த ஆய்வுகளும் சொல்லிக்கொண்டுதான் இருக்கின்றன.

இடுப்பில் இருந்ததை ஏன் மணிக்கட்டுக்கு ஏற்றினார்கள்? ஃபிட்பிட் நிறுவனத்தின் முதல் கருவி 2009இல் வந்தபோது அது ஆடையில் செருகும் சிறு கவ்வியாகத்தான் இருந்தது. ஜாபோன் 2011இலும் நைக்கி 2012இலும் மணிக்கட்டைப் பிடித்தார்கள். 2013இல் ஃபிட்பிட்டும் அங்கே வந்து சேர்ந்தது. காலடியை எண்ண மணிக்கட்டே சிறந்த இடம் என்று யாரும் கண்டுபிடித்ததால் நேர்ந்த இடமாற்றம் அன்று இது. இடுப்பில் செருகியது வேட்டியோடும் சேலையோடும் துவைக்கப் போய்விடும். கையில் கட்டியது போகாது. தூக்கத்திலும் கழற்ற வேண்டாம், நாடித்துடிப்பையும் தொட்டுப் பார்க்கலாம், எல்லாவற்றுக்கும் மேலாக நாலு பேர் பார்ப்பார்கள். ஆபரணத்துக்கு உகந்த இடம் மணிக்கட்டு. அளவைக்கு உகந்த இடம் எது என்று தயாரிப்பாளர்களுக்கே தெரியும். ஆப்பிள் நிறுவனம் 2021இல் நடையின் நிதானத்தை அளந்து, விழும் அபாயத்தை எச்சரிக்கும் வசதியைக் கொண்டுவந்தபோது அதைக் கைக்கடிகாரத்தில் வைக்கவில்லை. இடுப்பருகே பையில் இருக்கும் கைப்பேசியில் வைத்தது.

அதே நிறுவனம் இன்னொன்றும் செய்திருக்கிறது. அதைப் பாராட்டியே ஆக வேண்டும். 2016இல் சக்கர நாற்காலியில் செல்பவர்களுக்காகத் தன் கடிகாரத்தில் தனிக் கணக்கு ஏற்படுத்தியது. அவர்கள் சக்கரத்தைக் கையால் தள்ளுவதை எண்ணி, அதற்குத் 'தள்ளல்' என்றே பெயரும் வைத்தது. அடி என்று சொல்லவில்லை. ஆக, கை செய்வதைக் கை செய்வதாகவே சொல்ல இவர்களுக்குத் தெரியும். நடப்பவர் விஷயத்தில் மட்டும் ஏன் நா புரள்கிறது?

இனி அந்தப் பத்தாயிரத்துக்கு வருவோம். 1964இன் டோக்கியோ ஒலிம்பிக்கை ஒட்டி எழுந்த உடற்பயிற்சி ஆர்வத்தில், மறு ஆண்டு யமாசா என்ற ஜப்பானியக் கடிகார நிறுவனம் இடுப்பில் அணியும் அடிமானி ஒன்றை விற்பனைக்கு விட்டது. பெயர் 'மன்போ-கெய்': பத்தாயிரம் அடி மானி. ஒரு விற்பனைப் பெயர் மருத்துவ விதியாக வேடமிட்டு உலகைச் சுற்றி வந்துவிட்டது. 2019இல் அமெரிக்காவில் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட முதிய பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஐ-மின் லீயின் ஆய்வு, நாளொன்றுக்கு 4,400 அடி நடந்தவர்களுக்கே இறப்பு விகிதம் கணிசமாகக் குறைந்ததையும், 7,500ஐ ஒட்டி அந்தப் பயன் சமநிலைக்கு வந்துவிட்டதையும் காட்டியது. அந்த ஆய்வில் பெண்கள் கருவியை அணிந்தது இடுப்பில். இடுப்பில் எடுத்த எண்ணை இலக்காக வைத்துக்கொண்டு மணிக்கட்டில் எண்ணுவது, மரக்காலால் அளந்து கடன் வாங்கி உழக்கால் அளந்து திருப்பித் தருவது போன்றது.

ஜப்பானியரைச் சொன்னோம், நியாயமாக மீதியையும் சொல்ல வேண்டும். அடிமானி அங்கே வீட்டுப் பொருளானபோது, நூறு அடிக்கு மூன்று அடிக்கு மேல் பிழை கூடாது என்று அந்நாட்டின் தொழில்தர நிர்ணயம் வரம்பு கட்டியது. விற்பனைப் பெயரை அவர்கள் ஊதிப் பெருக்கியிருக்கலாம்; கணக்கில் நாணயம் வேண்டும் என்றும் கேட்டார்கள். அமெரிக்காவில் நுகர்வோர் மின்னணுவியல் துறையினரின் சங்கம் 2016இல் ஒரு சோதனைத் தரத்தை வெளியிட்டது. பின்பற்றுவதும் பின்பற்றாததும் அவரவர் விருப்பம். அதே ஆண்டு அந்நாட்டின் உணவு, மருந்து நிர்வாகம், பொது ஆரோக்கியத்துக்கான அபாயம் குறைந்த கருவிகளைத் தான் துருவிப் பார்க்கப்போவதில்லை என்று அறிவித்துவிட்டது. 'அபாயம் குறைந்த' என்று அவர்கள் எழுதும்போது ஒற்றைக் கையால் வாக்கரைப் பிடித்த ஐயா அவர்கள் மனக்கண்ணில் தோன்றியிருக்க மாட்டார்.

அடியை எண்ணுவது அற்பக் காரியம், அதில் இவ்வளவு துல்லியம் எதற்கு என்பவர்களுக்கு நயின் சிங்கை நினைவூட்டுகிறோம். குமாவோனின் மிலாம் பள்ளத்தாக்கைச் சேர்ந்த பள்ளி ஆசிரியர். திபெத்துக்குள் அந்நியர் நுழைய முடியாத காலத்தில், நில அளவைத் துறையின் மான்ட்கமரி என்ற அதிகாரி இவரை டேராடூனில் வைத்துப் பயிற்றுவித்தார். ஏற்றமோ இறக்கமோ சமதரையோ, ஒவ்வோர் எட்டும் ஒரே நீளத்தில் விழ வேண்டும். இரண்டாயிரம் எட்டு ஒரு மைல். கையில் ஜபமாலை. பௌத்தர்களின் மாலையில் 108 மணிகள், இவருடையதில் 100. நூறு எட்டுக்கு ஒரு மணியைத் தள்ளுவார்; ஒரு சுற்று முடிந்தால் பத்தாயிரம். (எண்ணின் விளையாட்டைப் பாருங்கள், அங்கேயும் பத்தாயிரம்.) குறிப்புகளைப் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் ஒளித்துவைத்துக்கொண்டு, 1865இல் காத்மாண்டுவிலிருந்து புறப்பட்டு மறு ஆண்டு சனவரியில் லாசாவை அடைந்தார். அவர் உறவினர் கிஷன் சிங் பின்னொரு பயணத்தில் கொள்ளையருக்கு அஞ்சிக் குதிரையில் ஏற நேர்ந்தபோது, குதிரையின் அடிகளை எண்ணினார். எண்ணியது எதன் அடி என்பதை மறைக்கவும் இல்லை. அதற்கேற்பத்தான் தூரம் கணக்கிடப்பட்டது.

அளப்பவரின் ஒழுக்கம் என்று நாங்கள் கருதுவது இதைத்தான். இதே நில அளவைக்கு 1802இல் சென்னை பரங்கிமலை அருகே அடிக்கோடு போட்ட லாம்டன், எஃகுச் சங்கிலி வெயிலில் எவ்வளவு நீளும் என்று வெப்பமானி வைத்துப் பார்த்துக் கணக்கில் கழித்தார். தன் கருவி எங்கே பொய் சொல்லும் என்று அறிந்து, அதைச் சொல்லி, திருத்திய பிறகே எண்ணை வெளியிட்டார்கள் அந்த மனிதர்கள். இன்றைய பட்டைக்காரர்களுக்கும் தங்கள் கருவி எங்கே பொய் சொல்லும் என்று தெரியும். தள்ளுவண்டி தள்ளினால் அடிகள் குறையக்கூடும் என்று பயன்படுத்துவோருக்கான உதவிக் குறிப்புகளின் அடுக்கில் எங்கோ எழுதியும் வைத்திருக்கிறார்கள். பெட்டியின்மேல் அது இல்லை. அங்கே இருப்பது கடற்கரையில் ஓடும் இளைஞனின் படம். திரையில் ஒளிர்வதோ 6,483 என்று கடைசி இலக்கம்வரை திட்டவட்டமான எண். 'ஆறாயிரத்தைந்நூறு இருக்கலாம்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் மூன்று என்று முடிக்கும் அந்தத் துணிச்சல் இருக்கிறதே, அதைத்தான் மோசடி என்கிறோம்.

இதற்கு வழக்கமாக வரும் பதில் எங்களுக்குத் தெரியும். "எண் தவறாக இருக்கலாம், ஆனால் தினமும் ஒரே மாதிரித் தவறும், எனவே கூடுகிறதா குறைகிறதா என்ற போக்கு தெரிந்தால் போதாதா?" கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் தவறு ஒரே மாதிரி இல்லையே! வேகத்தைப் பொறுத்தும் கையில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தும் அது மாறுகிறது. அறுவை சிகிச்சைக்குமுன் கைவீசி நடந்தவர், பிறகு வாக்கரோடு நடக்கிறார். அவர் நடை பாதியாகியிருந்தால் கருவி பத்தில் ஒரு பங்காகக் காட்டுகிறது. மூன்று மாதத்தில் வாக்கரை விட்டுவிட்டுத் தடியை மாற்றுக் கையில் பிடித்து நடந்தால், அடி கூடாமலே எண் மட்டும் மும்மடங்காகும். போக்கு என்று இவர்கள் காட்டும் கோட்டில் எவ்வளவு கால், எவ்வளவு கை என்று பிரித்துச் சொல்ல மகனாலும் முடியாது, மருத்துவராலும் முடியாது.

"ஒன்றும் இல்லாததற்கு இது மேல், எண்ணைப் பார்த்தாவது நடக்கிறார்கள்" என்பது அடுத்த வாதம். நடக்கிறவர்களை நடக்கவைத்தால் நல்லதுதான். நடந்தும் நடக்கவில்லை என்று தீர்ப்பு வாங்கியவர் என்ன செய்கிறார் என்று மேலே சொல்லிவிட்டோம்.

எண் தனிமனிதனின் விளையாட்டுப் பொருளாக இருக்கும்வரை இந்தப் பேச்சை இத்தோடு முடித்திருப்போம். அது பணமாக மாறத் தொடங்கியிருப்பதால் முடிக்க முடியவில்லை. அமெரிக்காவின் ஜான் ஹான்காக் காப்பீட்டு நிறுவனம், தன் ஆயுள் காப்பீடுகள் அனைத்திலும் உடற்பயிற்சிக் கணக்கை இணைக்கும் திட்டம் இடம்பெறும் என்று 2018இல் அறிவித்தது. நம் நாட்டிலும் நாளுக்குப் பத்தாயிரம் அடி காட்டினால் பிரீமியத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தரும் மருத்துவக் காப்பீடுகள் வந்துவிட்டன. காட்டினால் என்பதைக் கவனியுங்கள்; நடந்தால் என்று இல்லை. காட்டுவதற்கு நடக்க வேண்டியதில்லை என்பதைச் சீனத்து வியாபாரிகள் என்றோ கண்டுகொண்டார்கள். கைப்பேசியை மாட்டிவிட்டால் தொட்டில்போல ஆட்டிக்கொண்டே இருக்கும் சிறு இயந்திரங்கள் அங்கே இணையக் கடைகளில் விற்கின்றன. அசைவைத்தான் எண்ணுவாய் என்றால் இந்தா அசைவு! கருவியின் தன்மையை அந்த வியாபாரிகளைவிடத் தெளிவாக யாரும் விமர்சிக்கவில்லை என்று நினைக்கிறோம். ஏமாற்றத் தெரிந்தவனுக்குத் தள்ளுபடி. சித்தாள் வேலைக்குப் போய்ப் பகல் முழுக்கச் சாரமேறி இறங்குகிறவள் இந்தக் காப்பீட்டுக்குள் வந்தால் அவளுக்கு முழுப் பிரீமியம்.

மேற்கு வர்ஜீனியா மாநிலத்தின் பள்ளி ஆசிரியர்கள் இதைச் சகித்துக்கொள்ளவில்லை. அரசு ஊழியர் காப்பீட்டோடு 'கோ 365' என்ற செயலியை இணைத்து, உடலசைவைக் கணக்குக் காட்டிப் புள்ளி சேர்க்காதவர்களிடம் மாதம் 25 டாலர் கூடுதலாகப் பிடிப்பது, மருத்துவச் செலவில் அவர்கள் கையிலிருந்து கொடுக்க வேண்டிய தொகையை 500 டாலர் உயர்த்துவது என்று ஒரு திட்டம் வந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் அந்தத் திட்டத்தைக் கைவிட்டார்கள். ஆனாலும் மூண்ட தீ அணையவில்லை. ஊதியமும் காப்பீட்டுச் செலவும் முதன்மைக் காரணங்களாக, 2018 பிப்ரவரி 22 அன்று 55 மாவட்டங்களிலும் ஆசிரியர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மார்ச் முதல் வாரத்தின் முடிவில்தான் பள்ளிகள் திறந்தன. அந்தச் செயலி ஒரு பொறி மட்டுமே என்பது உண்மை. ஆனால் தன் உடம்பைப் பற்றித் தன் சொல் செல்லாது, ஒரு பட்டையின் சொல்தான் செல்லும் என்று கேட்டபோது மனிதர்களுக்கு எப்படிக் கோபம் வரும் என்பதை அங்கே பார்த்தோம். ஐயாவுக்கும் அந்தக் கோபம்தான். அவர் எதிரே இருந்தது மகன் என்பதால் வெளியே வரவில்லை.

எங்கள் கோரிக்கை பெரிதில்லை. உழவர் சந்தையில் கத்தரிக்காய் நிறுக்கும் தராசுக்கு, 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டப்படி, குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை முத்திரை வாங்க வேண்டும். ஆட்டோ மீட்டருக்கு முத்திரை உண்டு, பெட்ரோல் பம்புக்கு முத்திரை உண்டு. எதை வைத்துப் பணம் கைமாறுகிறதோ அந்த அளவை சரிபார்க்கப்பட வேண்டும் என்பதே அதன் அடிப்படை. அடிக்கணக்கை வைத்துப் பிரீமியம் கைமாறுகிறது என்றால் அந்தக் கருவிக்கும் முத்திரை வேண்டும். முத்திரை வரும்வரை எந்தக் காப்பீட்டு நிறுவனமும் மணிக்கட்டு எண்ணைக் காட்டி ஒரு ரூபாயைக் கூட்டவோ குறைக்கவோ கூடாது. பெட்டியின்மேல், மெதுநடையில் நூற்றுக்கு எத்தனை அடி தவறும், கையில் பற்றுக்கோடு இருந்தால் எத்தனை தவறும் என்று தடித்த எழுத்தில் அச்சிட வேண்டும். அச்சிட எண் இல்லை என்றால், முதியோருக்கு ஏற்றது என்று விளம்பரம் செய்வதை நிறுத்த வேண்டும். திரையில் தெரியும் எண்ணைப் பத்தாகவோ நூறாகவோ முழுமைப்படுத்திக் காட்டினால் ஒன்றும் குடிமுழுகிவிடாது. மருத்துவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நோயாளி தன் வாயால் சொல்வதைக் கேட்ட பிறகு பட்டையைப் பாருங்கள்.

ஐயாவின் பட்டையைக் கழற்றி அவர் கணுக்காலில் கட்டிப் பார்த்தோம் என்பதையும் சொல்லிவிடுகிறோம். வாக்கரோடு அதே இருபது நடை. அறுநூற்றுப் பதினெட்டு காட்டியது. காலடியைக் காலில் எண்ணினால் ஓரளவு சரியாக வருகிறது என்ற இந்த மகத்தான உண்மையைக் கண்டறிய எங்களுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு தேங்காய் மூடியும் செலவாயின. ஆனால் அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வீக்கத்தில் வார் கணுக்காலை இறுக்கியது. ஐயாவுக்குச் சிவந்து தடித்துவிட்டது. பட்டை இப்போது மேசை இழுப்பறையில், பழைய மெய்ப்புத் தாள்களுக்கு நடுவே கிடக்கிறது.

நடைகூடத்தின் சன்னல் விளிம்பில் அம்மா இருபது புளியங்கொட்டைகளை வரிசையாக வைத்திருக்கிறார். ஒவ்வொரு முறை கடக்கும்போதும் ஐயா நின்று, வாக்கரை ஊன்றிக்கொண்டு, ஒன்றை வலப்பக்கம் தள்ளுகிறார். சனிக்கிழமைதோறும் மகனுக்கு அந்தக் கணக்கு தொலைபேசியில் போகிறது. சென்ற வாரம் இருபத்திரண்டு கொட்டை.